மருமவன் கட்டும் கண்ணாடி மாளிகை

வா மருமவனே, திண்ணையில உக்காரு. பழைய மகாபலிபுரம் ரோட்டுல பத்து மாடி ஆபீஸ் கட்டப் போறியாமே. வரைபடத்தப் பிரி, பாக்கலாம். உன் மாமன் முப்பது வருசம் ஏரி மதகு தெறந்து மூடின நீர்க்கட்டி. எனக்கு மேடு எது பள்ளம் எதுன்னு மட்டும் தெரியும், மத்ததெல்லாம் நீ சொல்லு.

அடேங்கப்பா, நாலு பக்கமும் கண்ணாடி! மூணு மணி வெயிலு மேக்கால நேரா உள்ள வந்து நாக்காலி போட்டு உக்காரும். அத வெரட்ட ஏசி. உன் ஏசி கக்கற சூட்டுல பக்கத்துக் கட்டடத்துக்காரன் இன்னும் பெரிய ஏசி வாங்குவான். மேக்கால சுவரு வச்சு, படிக்கட்டையும் லிப்டையும் அந்தப் பக்கம் தள்ளினா கரண்டு பில்லு கொறையும். ஆனா போட்டோவுல மினுங்காதே, பாவம்.

வாசல்ல என்னடா தகடு? பச்சைக் கட்டடமா, அதுக்குப் பிளாட்டினமா? நாங்க பச்சைக்கு எருதான் போட்டோம்.

இது என்ன, கீழ மூணு அடுக்கு பேஸ்மென்டு? ஜெனரேட்டரு, கரண்டு பேனலு, தண்ணி எறைக்கற மோட்டாரு எல்லாம் மூணாவது அடுக்குலயா? நல்ல ஏற்பாடுடா. எறைக்கற மோட்டாரும் அதுக்குக் கரண்டு குடுக்கற பொட்டியும் ஒண்ணாவே முழுகும், ஒண்ணுக்கொண்ணு தொணை. ரெண்டாம் மாடிக்கு ஏத்துன்னா வாடகை எடம் போவுதுங்கற. 2015 டிசம்பர்லயும் 2023 டிசம்பர்லயும் தண்ணி பூந்த ஆபீஸ்காரன் யாரயாவது கேளு, வாடகைக் கணக்கு அவன் சொல்லுவான்.

நீ வாங்கின எடம் பள்ளிக்கரணை சதுப்ப ஒட்டி. ஏரிமேல ஏரியா வழிஞ்ச தண்ணி அங்க வந்து தேங்கி, ஒக்கியம் மடுவு வழியா பக்கிங்காம் கால்வாயில எறங்கி, கோவளம் பக்கம் கடலப் பாக்கணும். 2022ல அத ராம்சார்ங்கற ஒலக ஈரநிலப் பட்டியல்ல சேத்தாங்க. தண்ணிக்கு அந்த வெலாசம் அதுக்கு முன்னாடியே மனப்பாடம். ரோட்ட விட அஞ்சடி மண்ணு கொட்டி ஒசத்திடுவியா? சபாஷ். உன் தண்ணி எதிர்மனைக்காரன் வூட்டுக்குப் போவும், அடுத்த வருசம் அவன் ஆறடி ஒசத்துவான். மண்ணு லாரிக்காரன் உங்க ரெண்டு பேரு படத்தையும் சாமி ரூமுல மாட்டுவான்.

மழைநீருக்குக் குழி வெட்டியாச்சுங்கற. 2003லயே சர்க்காரு கட்டாயமாக்கினதாச்சே, வெட்டாம முடியுமா? ஐப்பசியில ரெண்டு முழம் தோண்டினா தண்ணி ஊர்ற மண்ணுடா அது. ஏற்கெனவே வயிறு முட்டக் குடிச்சவனுக்குப் பந்தி போடற. தொட்டியாக் கட்டு. 10,000 சதுர அடி மொட்டை மாடி, வருசத்துக்கு 1,400 மில்லிமீட்டர் மழை: 13 லட்சம் லிட்டரு! 12,000 லிட்டர் லாரிக்கு நூத்துச் சொச்சம் நடை. கால்வாசி புடிச்சாலே கக்கூசுக்கும் செடிக்கும் லாரிக்காரனக் கெஞ்சறது கொறையும். 2019 கோடையில அதே ரோட்டுல ஐடி கம்பெனிங்க தண்ணி இல்லாம பசங்கள வூட்டுலருந்து வேல பாக்கச் சொன்னாங்களே, மறந்துட்டியா? 2015 வெள்ளத்துல படகு வந்து நாலு வருசம்கூட ஆவல அப்ப.

ஏன் மொகம் சுண்டிப்போச்சு? இஞ்சினீரு சரின்னுட்டாரா? அப்ப சரிதான், கட்டு. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், அத்தகிட்ட சொல்லிடாத. அந்த மூணாம் பேஸ்மென்டுக்கு மீன் குத்தகை எவ்வளவு? வெளியாளுக்கு விட்டுடாத, முன்பணம் இப்பவே தரேன். கெண்டையா, விராலா, எது வுடலாம்னு நீயே சொல்லு.