மன்னித்துவிட்டேன், மதினி

உலக சமாதானத்துக்காக ஜெபிப்பதில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. உக்ரைன், காஸா என்று பேர் சொல்லியே ஜெபிப்பேன். அடுத்த வீட்டு மதினியைச் சிரித்த முகமாகப் பார்ப்பதுதான் வரமாட்டேன் என்கிறது.

கேரளத்தில் ஏலப்பாறைப் பக்கத்து எஸ்டேட் லயங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரே நீளக் கூரை, அதற்குள் வரிசையாக வீடுகள், நடுவில் ஒரு சுவர். குழாய் பொது, வாசல் பொது, கருவாடு வறுக்கும் வாசனையும் பொது. மதினியின் ஆடு என் பீன்ஸ் கொடியை மொட்டையடித்தபோது நான் ஒரு வார்த்தை பேசவில்லை. கிறிஸ்தவள் அல்லவா! முகத்தை மட்டும் ஒரு முழம் தூக்கி வைத்துக்கொண்டேன்.

எங்கள் சி.எஸ்.ஐ. சபையின் திருவிருந்து ஆராதனையில், பக்கத்தில் இருப்பவர் கையைப் பற்றிச் சமாதானம் பரிமாறுவது உண்டு. 1947இல் பிறந்த சபை, 1950இல் தன் ஆராதனை முறையை வகுத்தபோது கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களைப் பார்த்துச் சேர்த்துக்கொண்ட வழக்கம் இது. பிறகு வெளிநாட்டு ஆங்கிலிக்கன் சபைகள் வரைக்கும் போயிருக்கிறது. அவ்வளவு தூரம் போன சமாதானம் எங்கள் பெஞ்சுக்கு வரவில்லை. மதினி எங்கே உட்காருகிறார் என்று பார்த்து, நான் கை எட்டாத வரிசையாகத் தேடிக்கொண்டேன்.

இதைவிடப் பெரிய வாய்ப்பையும் கோட்டை விட்டிருக்கிறேன். 2011 டிசம்பரில் முல்லைப்பெரியாறு அணை விவகாரம் கொதித்தது. கட்டப்பனை ரோட்டில் சப்பாத்து என்ற ஊரில் 2006 முதலே புது அணை கேட்டுத் தொடர் உண்ணாவிரதம் நடந்துவந்தது. நீர்மட்டம் அப்போது 136 அடி. 120 ஆகக் குறைக்கச் சொன்னது கேரளம், 142 ஆக உயர்த்தச் சொன்னது தமிழ்நாடு. மளிகைக் கடைச் சேச்சியிடம் நான், "புது அணைதான் சேச்சி வேணும்" என்றேன். அன்று ராத்திரியே கம்பத்திலிருந்து போனில் பேசிய சித்தப்பாவிடம், "பென்னிகுக் 1895இல் கட்டி முடிச்சது, கல்லு மாதிரி நிக்குது சித்தப்பா" என்றேன். இரண்டு பக்கமும் நல்ல பேர். அணைத் தண்ணீரை நம்பியிருக்கும் சித்தப்பாவின் வயலைப் பற்றிச் சேச்சியிடமோ, அணை உடைந்துவிடுமோ என்ற சேச்சியின் பயத்தைப் பற்றிச் சித்தப்பாவிடமோ நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதைத்தான் சமாதானம் பண்ணுவது என்று நம்பிக்கொண்டிருந்தேன். பயந்தாங்கொள்ளித்தனத்துக்கு இப்படியும் ஒரு பேர் உண்டு போலிருக்கிறது.

லெந்து நாட்களில் எனக்கு வழக்கமாகப் பக்தி கொஞ்சம் பொங்கும். அந்த வேகத்தில் குழாயடிக்குப் போய், "மதினி, அந்த ஆட்டு விஷயத்தை நான் மன்னிச்சிட்டேன்" என்றேன்.

மதினி குடத்தைக் கீழே வைத்தார். "எந்த ஆட்டு விஷயம்?"

விளக்க ஆரம்பித்தேன். விளக்க விளக்க, மன்னிப்பு குற்றப்பத்திரிகை ஆகிவிட்டது. குடத்தோடு நின்றவர்கள் எல்லோரும் சாட்சி.

மலைப்பிரசங்கத்தில் இதற்கு நேர் எதிரான வழிதான் இருக்கிறது. காணிக்கை செலுத்த வந்த இடத்தில், *நம்மேல்* அடுத்தவருக்குக் குறை உண்டு என்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே விட்டுப் போய் ஒப்புரவாக வேண்டும். எனக்கோ யார் மேல் எனக்குக் குறை என்பது மட்டும் தேதிவாரியாக நினைவிருக்கிறது. மதினிக்கு என்மேல் என்ன குறை இருந்துவிடப் போகிறது?

அதை அவரே சொன்னார். "பெரட்டுக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி நீ ஜெபிக்கிறது சுவத்துக்கு மேல வந்து எனக்கும் கேக்குது. என் பேரைச் சொல்லி, 'இவ இருதயத்தை மாத்தும் ஆண்டவரே'ன்னு எத்தனை நாளா கேக்குற? அவரு கேட்டாரோ இல்லையோ, நான் தினமும் கேட்டுட்டுதான் கொழுந்து கிள்ளப் போறேன்."

குழாயடியில் அன்று சிரிக்காத ஆள் நான் ஒருத்திதான்.

இப்போது வாய்க்குள்தான் ஜெபிக்கிறேன். மதினியின் பேரை இன்னும் ஜெபத்திலிருந்து எடுத்தபாடில்லை.