தபால்தலையும் அபாவ சாஸ்திரமும்

உலகத்துப் பொருள்களையெல்லாம் ஏழு பதார்த்தங்களுக்குள் அடக்கிக் காட்டிய நம் தார்க்கிகர்கள், திரவியம், குணம், கர்மம் முதலான ஆறையும் சொல்லி முடித்த பிறகு, ஏழாவதாக அபாவம் என்ற இன்மையையும் ஒரு பதார்த்தமாக வைத்துப் போனார்கள். இல்லாத ஒன்றைப் பொருளென்று எண்ணுவது எங்ஙனம் என்று எதிர்வாதிகள் நகைத்தார்கள். குடம் இல்லாத தரையைச் சுட்டிக்காட்டித் தலைமுறை தலைமுறையாக வாதம் நடந்தது. ஆயினும் குடத்தின் இன்மையை எவரேனும் விலைக்கு விற்றதாகச் சாஸ்திரங்களில் செய்தியில்லை. அந்தப் பெருமை தபால்தலை வியாபாரிகளுக்கே உரியது. 2014-ஆம் ஆண்டு நியூயார்க் நகரத்து ஏலமொன்றில், ஒரு ஸென்ட் பெறுமானமுள்ள பழைய தபால்தலை ஏறக்குறைய 95 லட்சம் டாலருக்கு விலைபோயிற்று. அதைப் போல் இன்னொன்று உலகத்தில் இல்லை என்பதே அதன் சிறப்பு. ஆகவே தாளின் கிரயம் ஒரு ஸென்ட். மிச்சமெல்லாம் அபாவத்தின் கிரயம் என்று கணக்கெழுதுவதே முறையாகும்.

இந்தக் கோணத்திலிருந்து சேகரிப்புப் பொருள்களை ஆராய்ந்த நூல் எதுவும் என் பார்வைக்கு வரவில்லையாதலால், அந்தக் குறையை இச்சிறு கட்டுரை நீக்க முற்படுகிறது. தார்க்கிகர் அபாவத்தை நான்காக வகுப்பர். அவற்றுள் விலையை உண்டாக்குவதில் தலைமை பெற்றது பிரத்வம்ஸாபாவம், அதாவது இருந்த பொருள் அழிந்ததனால் நேர்ந்த இன்மை. ஆகையால் மரபுப்படி இரண்டாவதாக வரவேண்டிய அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

1840-ஆம் ஆண்டு மே மாதம் இங்கிலாந்தில் வெளிவந்த ‘பென்னி பிளாக்’, உலகத்தின் முதல் தபால்தலை என்ற பட்டத்துக்கு உரியது. அந்தப் பட்டம் ஒன்றே அதற்கு அபாரமான விலையைத் தேடித்தந்திருக்கும் என்று பாமரர் எண்ணுவர். ஆனால் அது அச்சானது 6 கோடியே 80 லட்சத்துக்கு மேல்; போதாக்குறைக்கு அக்காலத்தில் தனியாக உறை போடும் வழக்கம் அரிதாகையால், கடிதத் தாளையே மடித்து அதன் வெளிப்புறத்தில் தலையை ஒட்டினார்கள். கடிதத்தைக் காப்பாற்றினால் தலையும் தப்பிப் பிழைத்தது. வக்கீல்களும் பாங்கிக்காரர்களும் எந்தக் காகிதத்தையும் எறியாத ஜாதியாதலால், அவர்களுடைய கட்டுகளிலிருந்து இன்றளவும் பென்னி பிளாக் கிடைத்துக்கொண்டிருக்கிறது. ஓரம் சிதைந்த பிரதியொன்றை ஒரு சாதாரண உத்தியோகஸ்தர்கூடப் பண்டிகை முன்பணத்தில் வாங்கிவிடலாம்.

மேலே சொன்ன 95 லட்ச டாலர் தலையின் ஜாதகம் வேறு. 1856-இல் பிரிட்டிஷ் கயானாவுக்கு இங்கிலாந்திலிருந்து வரவேண்டிய தபால்தலைக் கட்டு உரிய காலத்தில் வந்து சேராமற்போகவே, ஜார்ஜ்டவுனிலிருந்த பத்திரிகை அச்சகத்தில் அவசரத்துக்கு அடித்துக்கொண்ட சிவப்புத் தாள் அது. கள்ளத்தலை கிளம்பிவிடுமோ என்று அஞ்சிய போஸ்ட்மாஸ்டர், குமாஸ்தாக்கள் ஒவ்வொன்றிலும் தம் பெயரின் முதலெழுத்துகளை இட்ட பிறகே விற்க வேண்டுமென்று உத்தரவு போட்டார். நான்கு ஸென்ட் தலை கடிதத்துக்கு. ஒரு ஸென்ட் தலை செய்தித்தாளுக்கு. செய்தித்தாளைச் சுற்றி வந்த காகிதத்தை எந்த நாட்டில் யார் பத்திரப்படுத்துவார்கள்? கயானாவின் சந்தாதாரர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் அதைக் கிழித்தெறிந்து, பிற்காலத்துக் கோடீசுவரர்களுக்குத் தாங்கள் செய்யும் உபகாரத்தை அறியாமலே பத்திரிகையைப் படித்து முடித்தார்கள். தப்பியது ஒன்று. 1873-இல் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் அதைக் கண்டெடுத்து ஆறு ஷில்லிங்குக்கு விற்றான்.

1922-இல் அதை வாங்கிய ஆர்தர் ஹைண்ட் என்ற தனவந்தரைப் பற்றி ஒரு கர்ணபரம்பரைக் கதை உண்டு. இரண்டாவது பிரதியொன்றை எவரோ கொண்டுவர, அவர் கேட்ட விலையைக் கொடுத்து வாங்கி, அந்த க்ஷணமே சுருட்டு நெருப்பில் பொசுக்கிவிட்டு, இப்போது உலகத்தில் ஒன்றுதான் இருக்கிறது என்றாராம். கதைக்குச் சரித்திர ஆதாரம் கிடையாது. சாஸ்திர சம்மதம் மட்டும் பரிபூரணமாக உண்டு. உடையவர்கள் தலையின் முதுகில் தங்கள் அடையாளத்தை இட்டுவைப்பது ஒரு சம்பிரதாயம். 2014-இல் வாங்கியவர் பாதரட்சை வடிவமைப்பதில் பெயர்பெற்றவராகையால் தம் பங்குக்கு ஒரு குதிகால் செருப்பை வரைந்து வைத்தார். 2021-இல் அது மறுபடி ஏலத்துக்கு வந்தபோது 83 லட்சத்தோடு நின்றுவிட்டது. வாங்கிய கம்பெனியார் அதன் உடைமையை 80,000 பங்குகளாக வகுத்து, பங்கு நூறு பவுனென்று பொதுமக்களுக்கு விற்கப் புறப்பட்டார்கள். ஒன்றே ஒன்றான பொருளையும் ஊருக்கெல்லாம் விற்கலாம் என்று கண்டவர்களின் மேதாவிலாசத்தை வியந்து மேலே செல்வோம்.

பந்தாட்ட அட்டைகளுக்கு வருகையில் பிரத்வம்ஸ தத்துவம் இன்னும் துலக்கமாகிறது. அமெரிக்காவில் சிகரெட் பெட்டி நசுங்காமலிருக்க உள்ளே ஒரு கெட்டி அட்டையைச் செருகியதும், வெறும் அட்டையாக இருப்பானேன் என்று அதில் நடிகைகளையும் ஆட்டக்காரர்களையும் அச்சடித்ததும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நடந்தவை. பிறகு புகையிலையின் இடத்துக்குப் பபிள்கம் வந்தது. டாப்ஸ் என்ற பபிள்கம் கம்பெனி 1952-இல் ஒரு பெரிய பேஸ்பால் வரிசையை வெளியிட்டது. அதன் பிற்பகுதி கடைக்கு வந்தபோது ஆட்டப் பருவம் முடிகிற சமயமாகிவிட்டதால், பிள்ளைகளின் கவனம் கால்பந்துக்குத் தாவிவிட்டது. விற்காத பெட்டிகள் கிடங்கில் தூங்கின. அந்த வரிசையை உருவாக்கிய சை பெர்கர் பின்னாளில் சொன்னபடி, திருவிழாக்களில் ஒரு பென்னிக்குப் பத்தென்று கொடுத்துப் பார்த்தும் தீராமல், 1960-இல் அவற்றையெல்லாம் குப்பைப் படகில் ஏற்றி அட்லாண்டிக் சமுத்திரத்தில் கொட்டிவிட்டார்களாம். அந்த வரிசையில் 311-ஆம் எண்ணுள்ள, மிக்கி மேன்டில் என்ற ஆட்டக்காரரின் அட்டை, பிற்பகுதியின் பெரும்பாலான அட்டைகளைவிட இருமடங்கு அச்சானது. அதன் பிரதியொன்று 2022-இல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்குப் போயிற்று. சமுத்திரத்தின் கைங்கரியம் அவ்வளவு.

சமுத்திரத்துக்கு அடுத்தபடியாக நன்றிக்குரியவர்கள் அந்நாட்டுத் தாய்மார்கள். பையன் கல்லூரிக்கோ பட்டாளத்துக்கோ புறப்பட்டுப் போனதும், அவன் கட்டிலுக்கடியில் கிடந்த செருப்புப் பெட்டியை அட்டைகளோடு குப்பையில் போட்டு அறையைப் பெருக்கிய அன்னையரைப் பற்றி அங்கே நடுவயதைத் தாண்டிய ஆடவர் அனைவரும் ஒரே மாதிரிப் புலம்புகிறார்கள். இந்தப் புலம்பலில் கிருதக்ஞதை சிறிதும் இல்லை. அன்னையர் எறிந்திராவிட்டால் அந்த அட்டைகளைச் சீந்துவாரில்லை என்பதற்கு எண்பதுகளின் கடைசி ஆண்டுகளே பிரத்தியட்ச பிரமாணம். பழைய அட்டைகளின் விலை பத்திரிகைகளில் அடிபடத் தொடங்கியதும், பெரியவர்களே கடைக்குப் போய், பிரிக்காத பெட்டிகளைப் பெட்டி பெட்டியாக வாங்கி, பிள்ளையின் கல்லூரிப் படிப்புக்கு ஆகட்டும் என்று அலமாரியில் அடுக்கினார்கள். 1981-இல் டாப்ஸின் ஏகபோகம் முறிந்து வேறு கம்பெனிகளும் புகுந்துவிட்டமையால், தேவை எவ்வளவோ அவ்வளவும் அச்சடித்துத் தள்ளினார்கள். தாய்மார்களும் பத்திரிகை படிப்பவர்களாகையால் ஒருவரும் எதையும் எறியவில்லை. அட்டைகள் யாவும் முனை மழுங்காமல், நிறம் மங்காமல் இன்றும் க்ஷேமமாக இருக்கின்றன. அதனாலேயே 1988-ஆம் ஆண்டின் பிரிக்காத டாப்ஸ் பெட்டியொன்றைப் பெரிதாக விலை சொல்லாமல் இன்றும் கொடுக்கிறார்கள். உள்ளே பபிள்கம்மும் உண்டு. வாயில் போடுவது உசிதமன்று.

அடுத்தது பிராகபாவம், பொருள் தோன்றுவதற்கு முன்னே இருந்த இன்மை. இதை முற்ற உணர்ந்து விலையாக்கியவர் நிக்கோலஸ் ஸீபெக் என்ற நியூயார்க் அச்சகத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பதிற்றாண்டையொட்டி அவர் நிகராகுவா, ஹோண்டுராஸ், எல் சால்வடார், ஈக்வடார் ஆகிய தேசங்களோடு செய்துகொண்ட ஒப்பந்தம் இது: தபால்தலைகளை அவர் காசு வாங்காமல் அச்சடித்துத் தருவார், ஆண்டுதோறும் புதுத் தலை வரும், பழையது செல்லாது, ஆண்டு முடிவில் மிஞ்சியதெல்லாம் அவருக்குத் திரும்பிவிடும், வேண்டும்போது அதே தகடுகளைக்கொண்டு இன்னும் அடித்துச் சேகரிப்பாளர்களுக்கு விற்றுக்கொள்ள அவருக்குப் பாத்தியதை உண்டு. கடிதம் எழுதுகிறவர்கள் சொற்பமான தேசங்களிலிருந்து இவ்வளவு விதமான தலைகள் பெருகுவதைக் கண்டு மனம் வெதும்பிய லண்டன் அன்பர்கள், இப்படிப்பட்ட வெளியீடுகளை ஒடுக்குவதற்கென்றே 1895-இல் ஒரு சங்கம் கண்டார்கள். சங்கத்தின் ஆயுள் சில ஆண்டுகளே, தத்துவத்துக்கு அழிவில்லை.

அது மறு அவதாரமெடுத்தது அறுபதுகளில், பாரசீக வளைகுடாப் பிரதேசத்தில். அஜ்மான், புஜைரா முதலிய சின்னஞ்சிறு அமீரகங்கள் வெளிநாட்டு ஏஜென்டுகளிடம் தபால்தலை உரிமையைக் கொடுத்துவிட, பனியையே காணாத அந்த மணற்பரப்பின் பெயரால் குளிர்கால ஒலிம்பிக் தலைகளெல்லாம் வெளிவந்தன. அஜ்மானுக்குட்பட்ட மனாமா என்ற உள்நாட்டுச் சிற்றூரும் தன் பெயரில் தலை வெளியிட்டது. நம் நாட்டுப் பள்ளிக்கூடத்து வாசல்களில் கண்ணாடித்தாள் பொட்டலத்தில் ‘வெளிநாட்டு ஸ்டாம்ப்’ வாங்கிய தலைமுறையினர் இவற்றை நன்கு அறிவர். அத்தகைய தலையொன்றை இடுக்கியால் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். படம் பெரிது, பளபளப்பு அதிகம். ஒரு மூலையில் மட்டும், படத்தைக் கெடுக்காத மரியாதையோடு, தபால் முத்திரையின் கால்வட்டம் கன கச்சிதமாக விழுந்திருக்கும். திருப்பினால் பசை ஒரு துளியும் குறையாமல் மினுமினுக்கும். அதாவது முத்திரை விழுந்தாயிற்று, உறையில் ஒட்டியதேயில்லை. எந்தக் கடிதமும் அதைச் சுமந்து எங்கும் போகவில்லை; அச்சாபீஸிலிருந்து நேராக நம் ஆல்பத்துக்கு வந்திருக்கிறது.

பிராகபாவம் கலப்படமில்லாமல் அமைந்ததும் உண்டு. 1948-ஆம் ஆண்டு சுதந்திர தினத்தில் வெளிவந்த காந்தியடிகள் பத்து ரூபாய்த் தலையில் நூறு பிரதிகளில் மட்டும் ‘சர்வீஸ்’ என்று மேலச்சிட்டு, கவர்னர் ஜெனரல் காரியாலயத்தின் உபயோகத்துக்குக் கொடுத்தார்கள். அப்போது அந்தப் பதவியை வகித்தவர் ராஜாஜி. அவற்றுள் நான்கு சேர்ந்த துண்டு 2017-இல் ஐந்து லட்சம் பவுனுக்குப் போயிற்று. எளிமையே உருவானவரின் படத்துக்கு இப்படியொரு கதி என்று வருந்துவது ஆய்வுக்குப் புறம்பு.

அத்யந்தாபாவம் முக்காலத்திலும் இல்லாமை. இதற்கு உதாரணம் சுவரில் மாட்டும் ‘வரையறுக்கப்பட்ட பதிப்பு’ப் பீங்கான் தட்டுகள். வரையறை என்றால் எண்ணிக்கைக்கு என்று நாம் நினைப்போம். ‘சூளையில் இத்தனை நாள் மட்டுமே சுடப்படும்’ என்று விளம்பரம் சொல்லும். ஒரு நாளைக்கு எத்தனை தட்டு என்பதில் அது மௌனம். சில தட்டுகளின் முதுகில் உணவு வைக்கலாகாது என்ற எச்சரிக்கையும் உண்டு. சோறு போட உதவாத தட்டு, மறுவிற்பனைக்கும் உதவாது; கூடவே அசலென்று உறுதிகூறும் பத்திரம் ஒன்றிருக்கும். தொண்ணூறுகளில் அமெரிக்காவை ஆட்டிவைத்த பீனி பேபீஸ் என்னும் ஐந்து டாலர் துணிப்பொம்மையும் இந்த வகையே. 1999-இல் லாஸ் வேகாஸ் நகரத்தில் விவாகரத்தான தம்பதிகள் பொம்மைகளைப் பங்கிட்டுக்கொள்ள முடியாமல், நீதிபதியின் முன்னிலையில் நீதிமன்றத் தரையில் குந்தி உட்கார்ந்து ஒன்றொன்றாகப் பொறுக்கிக்கொண்டார்கள். அந்தப் புகைப்படத்தில் பொம்மைகள் மட்டுமே நிம்மதியாகக் காணப்படுகின்றன. அடுத்த சில ஆண்டுகளில் அவற்றைக் கேட்பாரில்லை.

எஞ்சியது அந்யோந்யாபாவம், ‘இது அதுவன்று’ என்ற வேற்றுமை. அச்சுப்பிழை இந்த இனம். ஐக்கிய நாடுகளின் பொதுச் செயலாளராயிருந்து விமான விபத்தில் மாண்ட டாக் ஹாமர்ஷீல்டின் நினைவாக 1962-இல் அமெரிக்கா நான்கு ஸென்ட் தலை வெளியிட்டபோது, சில தாள்களில் மஞ்சள் வர்ணம் தலைகீழாக விழுந்துவிட்டது. நியூஜெர்ஸி நகைக்கடைக்காரர் ஒருவருக்குத் தாள் முழுவதும் அவ்வாறே கிடைக்க, ஜன்ம சாபல்யம் அடைந்ததாக எண்ணி அவர் செய்தியைப் பத்திரிகைக்குச் சொன்னார். போஸ்ட்மாஸ்டர் ஜெனரல் எட்வர்ட் டே என்பவர், தபால் இலாகா குதிரைப் பந்தயம் நடத்தவில்லை என்ற திடசித்தத்தோடு, அதே பிழையை வேண்டுமென்றே செய்து சுமார் நான்கு கோடி தலைகள் அடிக்க உத்தரவிட்டார். நகைக்கடைக்காரர் நீதிமன்றம் வரை ஓடினார். அதற்குள் பிழை நாடெங்கும் கவுன்டர் கவுன்டராக விற்பனையாகிக்கொண்டிருந்தது. வேற்றுமையை அழிக்க வேண்டுமானால் எல்லாவற்றையும் வேறாக்கிவிடுவதே வழி என்று கண்ட டே, என் தாழ்மையான கருத்தில், இந்தச் சாஸ்திரத்துக்குப் பாஷ்யம் எழுதத் தகுந்த ஒரே அரசாங்க அதிகாரி. சேகரிப்பாளர்கள் அவரை இன்னும் மன்னிக்கவில்லை.

இவற்றால் பெறப்படும் சித்தாந்தமாவது: சேகரிப்பவன் விலையை உண்டாக்குவதில்லை, எறிபவனே உண்டாக்குகிறான். பத்திரப்படுத்துவதற்கென்றே விற்கும் பொருளை எல்லோரும் பத்திரப்படுத்துவதால் அது என்றும் அருமையாவதில்லை. ஆகவே கறையான், எலி, அடைமழை, பழைய பேப்பர்காரர் ஆகியோரே இத்துறையின் மூலதனக்காரர்கள். அட்டையைச் சோதித்து, ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண் இட்டு, கடினமான பிளாஸ்டிக் கூட்டுக்குள் நிரந்தரமாக அடைத்துத் தரும் அமெரிக்க ஸ்தாபனங்கள், கறையானின் ஜீவனோபாயத்தில் கைவைப்பதன் மூலம் தங்கள் வாடிக்கைக்காரர்களுக்கே துரோகம் செய்கின்றன.

இந்தச் சித்தாந்தத்தை எங்கள் ஊர்த் தபால்தலை அன்பர்களின் மாதக் கூட்டத்தில் படித்தேன். பலத்த கரகோஷம். அவரவரிடமுள்ள முதல்நாள் உறைகளில் முக்கால் பங்கைக் கொளுத்திவிட்டால் மிச்சத்துக்கு விலை ஏறும் என்பதை அனைவரும் ஒப்புக்கொண்டார்கள். யாருடையதை முதலில் கொளுத்துவது என்பதில் சிறிது அபிப்பிராய பேதம் ஏற்பட்டது. வயதில் மூத்தவர் இளையவரைக் காட்டினார். இளையவர், அண்ணாச்சியிடமிருப்பது தம்மிடமிருப்பதைப் போல் ஆறு மடங்கு என்று நினைவூட்டினார். காரியதரிசி தீப்பெட்டி கொண்டுவர மறந்துவிட்டதாகச் சொன்னார். விஷயத்தை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்து, இன்றைய விவாதத்தின் நினைவாகத் தபால் இலாகாவின் முத்திரையோடு ஒரு சிறப்பு உறை வெளியிடுவது என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். நான் நான்கு உறைகளுக்கு முன்பணம் கட்டியிருக்கிறேன்.