8 எம்.பி.க்குள் ஒரு இளமைக்காலம்

கேள்வி: பரணில் கிடந்த பிளேஸ்டேஷன் 2-ஐ இறக்கித் துடைத்தேன். மெமரி கார்டில் கல்லூரிக் காலத்து சேவ் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. பென்டிரைவுக்கு மாற்ற முடியுமா?

பதில்: முடியும். முதலில் கை கொடுங்கள், எடைக்குப் போடாமல் வைத்திருந்தீர்களே! பெட்டியின் முகத்திலேயே இரண்டு யூஎஸ்பி துளைகள் உண்டு. ஆனால் சோனி தந்த மெனு ஒரு கார்டிலிருந்து இன்னொரு கார்டுக்குத்தான் நகலெடுக்கும். சில சேவ்களுக்கு அந்த அனுமதியும் கிடையாது. இந்தப் பூட்டைத் திறக்க, ஆர்வலர்கள் காசு வாங்காமல் எழுதிக் கொடுத்ததுதான் யூலாஞ்ச்எல்ஃப். கார்டு, பென்டிரைவ், ஹார்டு டிஸ்க் எல்லாவற்றையும் ஃபோல்டர்களாகத் திறந்து காட்டும். 'எம்சி0' என்பது முதல் கார்டு, 'மாஸ்' என்பது பென்டிரைவ். பென்டிரைவை எஃப்ஏடி32-இல் ஃபார்மட் செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: யூலாஞ்ச்எல்ஃபைப் பெட்டிக்குள் ஏற்றுவது எப்படி? ஸ்க்ரூடிரைவர் எடுக்கட்டுமா?

பதில்: கீழே வையுங்கள்! சுவிட்சைப் போட்டதும் கார்டில் சிஸ்டம் அப்டேட் ஏதும் இருக்கிறதா என்று பிஎஸ்2 தேடும். டிவிடி பிளேயர் அப்டேட் போன்றவற்றுக்காக வைத்த வாசல் அது. ஃப்ரீ மெக்பூட் என்ற இலவச மென்பொருள் அந்த வாசல் வழியாகவே உள்ளே போகிறது. அது ஏற்றிய கார்டு ஒன்று கிடைத்தால் போதும், யூலாஞ்ச்எல்ஃப் மெனுவில் வந்து நிற்கும். நண்பரின் கார்டிலிருந்து ஃப்ரீ மெக்பூட் கோப்புகளை மட்டும் நகலெடுத்தால் வேலை செய்யாது. அவை அந்தந்தக் கார்டோடு பிணைக்கப்பட்டவை. இன்ஸ்டாலரை ஓட்டித்தான் போட வேண்டும். கடைசியாக வந்த 90000 வரிசைப் பெட்டிகள் சிலவற்றில் சோனி இந்த வாசலை அடைத்துவிட்டது. பின்பக்க ஸ்டிக்கரில் மாடல் எண்ணைப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

கேள்வி: சேவை பென்டிரைவுக்கு எடுத்தேன், திரும்பக் கார்டில் போட்டேன். 'கரப்டட் டேட்டா' என்கிறது. என் கால்பந்து அணி போச்சா?

பதில்: பென்டிரைவில் நகல் இருக்கும்வரை பதற வேண்டாம். பிஎஸ்2-இல் ஒரு சேவ் என்பது ஒரு கோப்பு இல்லை, ஒரு ஃபோல்டர். ஆட்டத்தின் தகவலோடு, மெனுவில் சுழலும் அந்தக் குட்டிப் பொம்மையின் கோப்பும், 'ஐகான்.சிஸ்' என்ற கோப்பும் உள்ளே இருக்கும். பெரிய கோப்பை மட்டும் எடுத்துவிட்டு ஐகான்.சிஸ்-ஐ விட்டால், பெட்டிக்கு அந்த சேவை அடையாளமே தெரியாது. ஆகவே ஃபோல்டருக்குள் நுழையாமல், வெளியில் நின்று முழு ஃபோல்டரையும் எடுங்கள். ஆர்1 அழுத்தினால் வரும் பட்டியலில் 'காப்பி' கொடுத்து, பென்டிரைவுக்குப் போய் வெறும் 'பேஸ்ட்' போடாமல் 'பிஎஸ்யூ பேஸ்ட்' போடுங்கள். கார்டில் இருந்த தேதி, பண்புகள் உட்பட எல்லாம் ஒரே கோப்பாகக் கட்டப்பட்டுவிடும். வெறும் பேஸ்ட்டில் அவை தொலையும், ஏனென்றால் பென்டிரைவுக்கு அவற்றைக் குறித்துவைக்க இடமில்லை. அந்த பிஎஸ்யூ கோப்பைக் கணினியில் மைஎம்சி என்ற இலவசக் கருவி வழியாக, பிஎஸ்2 போலவே நடிக்கும் எமுலேட்டர் மென்பொருளின் கார்டிலும் ஏற்றலாம். உங்கள் அணி அங்கேயும் விளையாடும்!

கேள்வி: எக்ஸ் பொத்தான் அழுத்தினால் பின்னால் போகிறது. கன்ட்ரோலர் கெட்டுவிட்டதா?

பதில்: நலமாக இருக்கிறது. யூலாஞ்ச்எல்ஃபில் ஜப்பானிய வழக்கப்படி வட்டம் 'சரி', எக்ஸ் 'வேண்டாம்'. செட்டிங்ஸில் மாற்றிக்கொள்ளலாம். அதுவரை திரையின் அடிவரியைப் படிக்காமல் எதையும் அழுத்தாதீர்கள். 'டெலீட்' அதே பட்டியலில்தான் இருக்கிறது, போன சேவ் திரும்பாது.

கேள்வி: இதை வைத்து ஓசியில் கேம் ஆடலாமாமே?

பதில்: என்னிடம் கேட்காதீர்கள். ராத்திரி முழுக்க விழித்து நீங்கள் ஜெயித்த சேவ் உங்களுடையது, அதைக் காப்பாற்ற எத்தனை பக்கம் வேண்டுமானாலும் எழுதுவேன்.

கேள்வி: 64 எம்.பி. கார்டு மலிவாகக் கிடைக்கிறது. வாங்கவா?

பதில்: வேண்டாம். சோனியின் கார்டே 8 எம்.பி.தான். முகம் தெரியாத பெரிய கார்டுகள் சில ஆட்டங்களில் சேவைத் தின்றுவிடும். இடம் போதவில்லையென்றால் பழையவற்றை பிஎஸ்யூ ஆக்கிப் பென்டிரைவிலும் கணினியிலும் போடுங்கள். இரண்டு இடத்திலும் இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு கார்டைக் காலி செய்யுங்கள்.