புழலில் ஏறி, பூந்தமல்லியில் இறங்கவும்

விசா முடிந்தால் என்ன செய்யணும் என்று துபாயில் விசிட் விசாவில் வேலை தேடும் எந்த அம்பத்தூர் பையனையும் கேளுங்கள், தூக்கத்திலும் சொல்வான். விடிகாலையில் டெய்ராவில் பஸ் ஏறு. ஹத்தா எல்லையில் இறங்கி வரிசையில் நில். ஆள் நாட்டை விட்டுப் போய்விட்டான் என்று ஒரு முத்திரை குத்துவார்கள். ஓமன் பக்கம் லாட்ஜிலோ பஸ்ஸிலோ கிட. ஏஜென்ட்டின் வாட்ஸ்ஆப்பில் புது விசா வந்து விழுந்ததும் அதே பஸ்ஸில் திரும்பு. ஆள் வந்துவிட்டான் என்று இன்னொரு முத்திரை. இதற்குப் பெயர் விசா சேஞ்ச். போனவனும் அவன்தான், வந்தவனும் அவன்தான், பையில் இருக்கும் அழுக்குச் சட்டைகூட அதேதான். சட்டத்தின் கண்ணுக்கு மட்டும் அவன் புத்தம்புது விருந்தாளி. 2022 டிசம்பரில், நாட்டுக்குள் இருந்தபடியே விசிட் விசாவைப் புதுப்பிக்கும் வசதியை நிறுத்தியதும் இந்த பஸ்களுக்கு ஜேஜே என்று கூட்டம். தேதி தப்பினால் ஒரு நாளைக்கு 50 திர்ஹம் அபராதம். பஸ் டிக்கெட்டே மேல்.

அதற்கு முந்தைய தலைமுறை ஈரானின் கிஷ் தீவுக்குப் பறந்து போய் இதே சடங்கைச் செய்தது. 2004 பிப்ரவரி 10 அன்று கிஷ்ஷிலிருந்து வந்த விமானம் ஷார்ஜாவில் இறங்கும்போது விழுந்து நொறுங்கி 43 பேர் செத்தார்கள். விசா மாற்றப் போய்த் திரும்பியவர்களும் அதில் இருந்தார்கள். ஒரு முத்திரைக்காக உயிரை விட்டவர்களுக்கு எந்த நாட்டிலும் நடுகல் கிடையாது.

அரேபியனை மட்டும் சொல்லிப் பயனில்லை. இந்தியாவில் மாதக்கணக்கில் சாமியார் மடத்திலும் கடற்கரையிலும் கிடந்த வெள்ளைக்காரர்களும் டூரிஸ்ட் விசா கெடு முடிந்ததும் சுனௌலி வழியாக நேபாளத்துக்குள் கால் வைத்துவிட்டு வந்தவர்கள்தான். 2009-இல், மும்பைத் தாக்குதலுக்கு வேவு பார்த்த டேவிட் ஹெட்லியின் விவகாரம் வெடித்ததும் டெல்லிக்குத் திடீரென்று ரோஷம் வந்தது. போனால் இரண்டு மாதம் கழித்துத்தான் திரும்ப வரலாம் என்று விதி போட்டார்கள். பிரிட்டனும் அமெரிக்காவும் முகம் சுளித்தன. 2012 கடைசியில், சில நாட்டுக்காரர்களைத் தவிர மற்ற எல்லோருக்கும் விதியைத் தளர்த்திவிட்டார்கள். யார் முகம் சுளிக்கிறார் என்பதைப் பொறுத்து நெகிழக்கூடிய சாமான்தான் நாட்டின் எல்லை. நான் குறை சொல்லவில்லை, வழக்கத்தைச் சொல்கிறேன்.

இதெல்லாம் பாஸ்போர்ட் உள்ளவன் கதை. இல்லாதவனுக்கும் நம் அரசு ஓர் எல்லை ஓட்டம் வைத்திருந்தது. நேபாளம் வரை போக வேண்டாம், ஓமன் வேண்டாம், எங்கள் மேற்குப் புறநகரிலேயே முடிந்துவிடும். புழல் மத்தியச் சிறை வாசலில் வண்டி ஏறினால் சூரப்பட்டு, அம்பத்தூர் ஓ.டி., திருமுல்லைவாயல், ஆவடி, பருத்திப்பட்டு, சென்னீர்குப்பம் தாண்டி பூந்தமல்லி. வழியில் ஆவடி செக்போஸ்ட் என்று ஒரு நிறுத்தம்கூட உண்டு, ஆனால் அங்கே யாரும் பாஸ்போர்ட் கேட்பதில்லை.

பயணி யார்? ஈழத்திலிருந்து வந்த ஒரு தமிழன். ஏதோ ஒரு வழக்கு. கள்ளத்தோணி, போலி பாஸ்போர்ட், இல்லாவிட்டால் போலீஸின் உளவுப் பிரிவான கியூ பிராஞ்சுக்கு ஒரு சந்தேகம். நீதிமன்றம் காகிதங்களைப் படித்து, யோசித்து, ஜாமீன் கொடுக்கும். அவன் புழல் கதவைத் தாண்டி வெளியே ஒரு கால் வைப்பான். கியூ பிராஞ்ச் வண்டி நிற்கும். கையில் 1946-ஆம் வருடத்து வெளிநாட்டினர் சட்டம், பிரிவு 3(2)(இ). இன்ன இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று ஒரு வெளிநாட்டவருக்கு உத்தரவு போட அரசுக்கு அதிகாரம் உண்டு என்றது அது. அந்த இன்ன இடத்துக்குச் ‘சிறப்பு முகாம்’ என்று பெயர். பூந்தமல்லியில் ஒன்று இருந்தது, செங்கல்பட்டில் ஒன்று இருந்தது, அதற்கு முன்னால் வேலூர்க் கோட்டையில். இப்போது பேர்போனது திருச்சி மத்தியச் சிறை வளாகத்துக்குள் இருப்பது. சிறைக்குள்ளேயே இருக்கிறது, ஆனால் சிறை இல்லையாம். தண்டனைக் காலம் கிடையாது, அதனால் அது முடியும் தேதியும் கிடையாது. கைதிக்கு நன்னடத்தைக் கழிவு உண்டு, இவனுக்கு அதுவும் இல்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே நீதிபதி வரம் கொடுத்த கையோடு பூசாரி வேன் அனுப்பினார்.

துபாய் விசா சேஞ்சில் ஒரு நேர்மை இருக்கிறது. போன பஸ்ஸே திரும்பி வரும். எங்கள் புழல்–பூந்தமல்லி சர்வீஸில் ஒருவழி டிக்கெட்தான். 2012-இல் பூந்தமல்லியிலும் செங்கல்பட்டிலும் உள்ளே இருந்தவர்கள் பட்டினி கிடந்தார்கள். வழக்கிருந்தால் நடத்து, இல்லையென்றால் குடும்பத்தோடு சாதாரண முகாமில் விடு என்பதுதான் கோரிக்கை. இதைக்கூடப் பட்டினி கிடந்துதான் கேட்க வேண்டியிருந்தது, அதுவும் தமிழை உயிர் என்று சொல்லும் கட்சிகள் மாறி மாறி ஆண்ட மாநிலத்தில். இந்தச் சிறப்பு முகாம் விஷயத்தில் மட்டும் இரண்டு கழகங்களுக்கும் கொள்கை வேறுபாடே இருந்ததில்லை.

சாந்தனை எடுத்துக்கொள்ளுங்கள். ராஜீவ் கொலை வழக்கில் இதே பூந்தமல்லியில் தடா நீதிமன்றம் 1998 ஜனவரி 28 அன்று தூக்குத் தண்டனை விதித்த 26 பேரில் ஒருவர். அவர் செய்தது, செய்யாதது பற்றி உங்களுக்கு என்ன கருத்து வேண்டுமானாலும் இருக்கட்டும். 2022 நவம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் விடுதலை என்று எழுதிவிட்டது. விடுதலையான மனிதரைத் திருச்சி சிறப்பு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். ஊருக்குப் போய் அம்மாவைப் பார்க்க வேண்டும் என்றார். போவதற்குத் தாள் வேண்டும், முத்திரை வேண்டும், இலங்கைத் தூதரகத்திலிருந்து பயண ஆவணம் வேண்டும். கோப்பு நகர்ந்தது, நின்றது, மறுபடி நகர்ந்தது. 2024 பிப்ரவரியில் வெளியேறும் அனுமதி வந்தது. சில நாளில், 28-ஆம் தேதி, சென்னை அரசு மருத்துவமனையில் அவர் செத்துப்போனார். உடல்தான் யாழ்ப்பாணம் போனது. இந்த நாட்டை விட்டுப் போய்விடுகிறேன் என்று கெஞ்சியவரை, நீ இங்கே இருக்கக் கூடாதவன் என்று சொல்லிப் பூட்டி வைத்த பெருமை நம்முடையது.

சிறப்பு முகாம்காரர்கள் சிலர்தானே, மற்றவர்களுக்கு என்ன குறை என்று கேட்கிறீர்களா? போன மழைக்காலம் முடிந்ததும் எங்கள் அப்பார்ட்மென்டுக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் வந்தார்கள். அதில் ஒரு தம்பி புழல் பக்கத்து முகாம். பிறந்தது இங்கேதான், பேச்சும் மெட்ராஸ்தான். போனில் அம்மாவிடம் பேசும்போது மட்டும் ‘ஓம் அம்மா, வாறன்’ என்று வேறு ஊருக்குப் போய்விடுவான். இரண்டாவது மாடிச் சாரத்தில் பிரைமர் பாதி அடித்த நிலையில் போன் வந்தது. பிரஷ்ஷை டப்பாவில் போட்டுவிட்டு இறங்கிவிட்டான்.

“இன்னாடா, செவுத்த யாரு முடிப்பா?” என்று மேஸ்திரி கத்தினார்.

“நாளைக்கு செக்கிங்ணா. குடும்பத்தோட நிக்கணும். இல்லாட்டி பேர வெட்டிருவாங்க.”

செக்கிங் என்றால், ஆள் இருக்கிறானா என்று அதிகாரிகள் வந்து எண்ணுவது. அகதி அட்டையில் உள்ள போட்டோவும் முகமும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போனால் பணக்கொடை வரும். குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு ஆளுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500. இது 2021-இல் உயர்த்திய தொகை. அந்தத் தம்பி பி.இ. மெக்கானிக்கல். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் இன்டர்வியூவெல்லாம் ஓகே ஆகி, விண்ணப்பத்தில் ‘தேசியம்’ என்ற கட்டத்துக்கு வந்ததும் எச்.ஆர். மேடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனாராம். இவன் பெயிண்ட் அடிக்க வந்துவிட்டான்.

துபாய்ப் பையனைப் போல இவன் ஒரு பஸ் ஏறி முத்திரை வாங்கி வரக்கூடாதா? சட்டத்தைப் பாருங்கள். 2003-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, செல்லுபடியாகும் தாள் இல்லாமல் வந்தவர் ‘சட்டவிரோதக் குடியேறி’. குண்டு விழும்போது பாஸ்போர்ட் ஆபீஸில் டோக்கன் வாங்கி உட்காராமல் வள்ளத்தில் ஏறிய குற்றம் அது. அப்பாவும் அம்மாவும் அப்படி வந்திருந்தால் இங்கே பிறந்த பிள்ளைக்கும் குடியுரிமை இல்லை. 1987 ஜூலைக்கு முன்னால் பிறந்திருந்தால் தப்பித்தாய். மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண் இந்தச் சந்து வழியே புகுந்து, மெட்ராஸ் ஹைகோர்ட்டில் போராடி பாஸ்போர்ட் வாங்கி, 2024-இல் திருச்சியில் ஓட்டும் போட்டார். நல்ல வேளை, அவருடைய அம்மா இரண்டு வருடம் தாமதிக்கவில்லை. பிறக்கும் குழந்தைகளே, உள்துறை அமைச்சகத்தின் நாள்காட்டியைப் பார்த்து வெளியே வாருங்கள்.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் விட்டார்கள். நாலு மணி நேரப் பயணம். சென்னையிலிருந்து யார் வேண்டுமானாலும் போய், நல்லூர் கந்தனைக் கும்பிட்டு, பனங்கட்டி வாங்கிக்கொண்டு திரும்பலாம், பாஸ்போர்ட் இருந்தால். கடலைத் தாண்டி வந்தவர்களின் பிள்ளைகளுக்கு அதில் இடமில்லை. அவர்கள் போவதென்றால் வெளியேறும் அனுமதி வாங்கிக்கொண்டு ஒரேயடியாகப் போக வேண்டும். சரி, போய்த்தான் பார்ப்போமே என்று 2025 மே மாதம் ஒரு முதியவர் போனார். ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் ஏற்பாடு, எல்லாத் தாளும் ஒழுங்கு. பலாலி விமான நிலையத்தில் பிடித்து உள்ளே போட்டார்கள். குற்றம்? போர்க்காலத்தில் இலங்கையை விட்டுக் கிளம்பும்போது முத்திரை குத்தாமல் கிளம்பியது. கூச்சல் எழுந்த பிறகு விட்டார்கள். அந்தக் கரையில் புறப்பட முத்திரை இல்லை, இந்தக் கரையில் வந்துசேர முத்திரை இல்லை. இரண்டு குடியரசுகளும் சேர்ந்து ஒரு கிழவரின் வாழ்க்கையையே ஓவர்ஸ்டே ஆக்கிவிட்டன.

அதே மே மாதம் 19-ஆம் தேதி, தண்டனையை அனுபவித்து முடித்த ஓர் ஈழத்தமிழரின் மனுவில், உலகத்து அகதிகளுக்கெல்லாம் இடம் கொடுக்க இந்தியா தர்ம சத்திரம் அல்ல என்றது உச்ச நீதிமன்ற அமர்வு. வேறு நாட்டுக்குப் போகட்டுமே என்றும் சொன்னது. எந்த பஸ்ஸில் என்று சொல்லவில்லை. 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்துப் போடவில்லை. ஆகவே அகதி என்று ஒருவர் இந்தியச் சட்டத்தில் இல்லவே இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாட்டின் ஆறு மதத்தாரைக் கூப்பிட்டது. முகாமில் இருக்கும் பெரும்பாலோர் முருகனையும் பிள்ளையாரையும் கும்பிடுகிறவர்கள். இந்துக்களுக்காக உருகும் சட்டத்துக்கு இலங்கை என்ற நாடு வரைபடத்தில் தெரியவில்லை. அ.தி.மு.க. அதற்கு மாநிலங்களவையில் கை தூக்கியது. எதிர்த்த தி.மு.க., 2004-லிருந்து 2013 வரை டெல்லியில் மந்திரி நாற்காலியில் இருந்த ஒன்பது வருடத்தில் எத்தனை இலாகாவுக்குச் சண்டை போட்டதோ அதில் பாதிச் சண்டையை இவர்களின் குடியுரிமைக்குப் போட்டிருந்தால் அந்தத் தம்பி இப்போது எஸ்டேட்டில் சூப்பர்வைசர்.

கருணை ஒன்றும் வராமல் போகவில்லை. 2025 செப்டம்பர் 1 அன்று குடிவரவு, வெளிநாட்டினர் சட்டம் என்று புதிதாக ஒன்று அமலுக்கு வந்தது. தாள் இல்லாமல் நுழைந்தால் ஐந்து வருடம் வரை ஜெயில், ஐந்து லட்சம் வரை அபராதம். கூடவே ஒரு விலக்கு உத்தரவு. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்மீது இந்தத் தண்டனை பாயாது. அதாவது முப்பது, நாற்பது வருடம் இங்கே குடியிருந்ததற்குப் பரிசாக, இங்கே இருப்பதற்காக ஜெயிலில் போட மாட்டோம் என்று எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள். குடியுரிமை? அதைப் பற்றி மூச்சு இல்லை. 2022 மார்ச்சில் பாலுக்கும் மருந்துக்கும் வழியில்லாமல் தனுஷ்கோடி மணல்திட்டில் வந்து இறங்கிய குடும்பங்களுக்கு அந்தத் தேதியும் உதவாது. அவர்கள் பசிக்கும்போது அரசிதழைப் பார்க்கவில்லை.

வருடா வருடம் ஜனவரி 12 அன்று மாநில அரசு ‘அயலகத் தமிழர் தினம்’ கொண்டாடுகிறது. 2024-லும் 2025-லும் விழா நடந்தது நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில். கடல் கடந்த தமிழருக்கெல்லாம் பொன்னாடை. விழா முடிந்து மந்திரிமார் கார்கள் கிழக்கே திரும்பி மவுண்ட்டுக்குப் போகின்றன. அதே சாலைக்கு மவுண்ட்–பூந்தமல்லி சாலை என்று பெயர். மேற்கே திரும்பி நேராக ஓட்டினால் பூந்தமல்லி, அங்கிருந்து வலது பக்கம் ஒடித்தால் ஆவடி வழியாகப் புழல். தூரம் அதிகமில்லை, டோல்கூடக் கிடையாது. அங்கே இருக்கிற தமிழருக்கும் ஒரு பத்திரிகை அனுப்புங்கள். விழாத் தேதியை மட்டும் செக்கிங் இல்லாத நாளாகப் பார்த்து வையுங்கள். உங்கள் விழாவுக்கு வந்த குற்றத்துக்காக நீங்களே பேரை வெட்டிவிடப் போகிறீர்கள்.