இருக்கட்டும்லா அண்ணன்

செயலாளர் பதவி அண்ணனுக்குத்தான். சுங்கை சிப்புட்டோ, தாப்பாவோ, தெலுக் இந்தானோ, தோட்டம் கைமாறிச் செம்பனையாகவும் வீடமைப்புத் திட்டமாகவும் ஆன பிறகும் மிஞ்சி நிற்கிற மாரியம்மன் கோயில் எதை எடுத்துக்கொண்டாலும் செயற்குழுவில் இவர் மாதிரி ஒருவர் இருப்பார். அப்பா தோட்டத்துக் கிராணி. அப்பாவுக்குச் செக்ரோல் பேரேடு என்றால் மகனுக்குக் கருவி. சட்டைப்பையில் பேனா இருக்காது. இடுப்பில் ஓர் உறை இருக்கும். உறைக்குள் ஒன்று எப்போதும் செத்துக்கொண்டிருக்கும்.

இப்போது அது ஹேன்போன். 2000ஆம் ஆண்டை ஒட்டி அது விசர்.

இளசுகளுக்கு விசரைத் தெரியாது. பாம் பைலட்டை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸும் டோனா டுபின்ஸ்கியும் எட் காலிகனும் வெளியே வந்து, 1998இல் ஹேண்ட்ஸ்பிரிங் என்று தனிக் கடை போட்டு, மறு ஆண்டு இறக்கிய கையடக்கக் கருவி அது. முகவரி, நாள்காட்டி, குறிப்பு, செய்ய வேண்டிய வேலைகள் எல்லாம் அதற்குள். இரண்டு டிரிப்பிள் ஏ பேட்டரி போட்டால் வாரக்கணக்கில் ஓடும். முதுகில் ஸ்பிரிங்போர்ட் என்று ஒரு பொந்து. அதில் மோடம் செருகலாம், கேமரா செருகலாம், பாட்டுப்பெட்டி செருகலாம், தொலைபேசியையே செருகலாம். செருகினால் அதற்கான மென்பொருள் தானே வரும். உருவினால் தானே போய்விடும். உருவுவதற்கு இவ்வளவு சௌகரியம் செய்து கொடுத்தார்கள். அண்ணன் உருவவில்லை.

சிங்கப்பூர் மச்சான் வாங்கிவந்த விசரோடு ஒரு மோடமும் வந்தது. புந்தோங்கில் ஒரு சொந்தக்காரர் வீட்டில், தொலைபேசிக் கம்பியைப் பிடுங்கி மோடத்தில் மாட்டி, மின்னஞ்சல் இறங்குவதை எல்லாருக்கும் காட்டினார். வீட்டுக்காரர் கோப்பி கொடுத்தார். அண்ணன் விடைபெற்றார். மோடம் மட்டும், கல்யாணத்துக்கு வந்து வளைகாப்பு வரைக்கும் தங்கிவிட்ட விருந்தாளியாக, அந்தப் பொந்திலேயே உட்கார்ந்துகொண்டது.

"அண்ணே, அதைக் கழட்டி வைக்கலாமே?"

"இருக்கட்டும்லா தம்பி. எங்கயாவது லைன் கிடைச்சா உதவும்."

எங்கே கிடைக்கும்? தைப்பூசத்தன்று கல்லுமலைக் கோயில் கூட்டத்தில் நசுங்கியபோதும் மோடம் அவர் இடுப்பில் இருந்தது. தீமிதிக் குழி வெட்டும்போதும் இருந்தது. ரப்பர் மரத்தில் டெலிபோன் சாக்கெட் முளைக்கும் என்று அண்ணன் காத்திருந்தார் என்றுதான் நினைக்கிறேன். முளைக்குமுன் மரத்தையே வெட்டிவிட்டார்கள்.

அந்த மோடத்துக்கென்று தனிப் பேட்டரி கிடையாது. வீட்டுக்காரன் சோற்றைத்தான் அதுவும் சாப்பிடும். ஆல்கலைன் டிரிப்பிள் ஏ ஒன்றில் சுமார் 1000 மில்லி ஆம்பியர்-மணி இருக்கும். இரண்டைத் தொடராக வைத்தால் வோல்ட் 3 ஆகுமே தவிர அந்த 1000 கூடாது. தூங்குகிற கருவிக்கு அதில் நூலளவு போதும். செருகி வைத்த மோடம் சரியாகத் தூங்காமல் 5 மில்லி ஆம்பியரை மட்டும் உறிஞ்சிக்கொண்டிருந்தால்? 200 மணி நேரம். எட்டு நாளில் பேட்டரி காலி. மாதச் செயற்குழு முப்பது நாளுக்கு ஒருமுறை. கூட்டத்தில் அண்ணனின் கருவி உயிரோடு இருக்க வாய்ப்பே இல்லை என்பதற்கு இதைவிட என்ன கணக்கு வேண்டும்?

செத்தால் செத்தது, புதுப் பேட்டரி போட்டுக்கொள்ளலாம் என்பீர்கள். அங்கேதான் வில்லங்கம். விசரில் எழுதியதெல்லாம் மின்சாரம் இருக்கும்வரை மட்டுமே நினைவு வைத்திருக்கும் ரேமில் கிடந்தது. பேட்டரி அடியோடு போனால் உபயக்காரர் பட்டியலும் போகும். உயிர் கொஞ்சம் மிச்சமிருக்கையில் மாற்றினாலும், பழையதை எடுத்துப் புதியதைப் போடச் சுமார் ஒரு நிமிஷம்தான் அவகாசம். அண்ணன் முதலில் பழையதை எடுப்பார். பிறகு யாராவது ஒரு பையனைச் சீனக்கடைக்கு அனுப்புவார்.

இதற்கு மருந்தும் இருந்தது. வீட்டுக் கணினியோடு இணைக்கிற தொட்டிலில் கருவியை வைத்து ஒரு பொத்தானை அமுக்கினால் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்துவிடும். அண்ணன் நகல் எடுத்தது கருவி வந்த புதிதில் ஒரே ஒரு தடவைதான். அதன் பிறகு ஒவ்வொரு முறை பேட்டரி செத்து மீளும்போதும் அந்தப் பழைய நகலே திரும்ப ஏறி, அவருடைய உலகம் அந்த ஒரே நாளுக்குத் திரும்பியது. அந்த உலகத்தில் வீடு மாறியவர்கள் மாறவில்லை, சண்டை போட்டுப் பிரிந்த பங்காளிகள் பிரியவில்லை. காலமான எங்கள் முன்னாள் தலைவர் அதில் நல்ல சுகத்தோடு இருந்தார். ஆகவே ஆண்டுதோறும் அவருக்குத் திருவிழா அழைப்பிதழ் போய்க்கொண்டிருந்தது. அவர் வீட்டம்மா மூன்றாவது அழைப்பிதழைக் கையில் எடுத்துக்கொண்டு கோயிலுக்கே வந்தார். அண்ணன் கொஞ்சமும் அசரவில்லை. "இருக்கட்டும்லா அக்கா, சாமி காரியம்" என்றார்.

விசர் வாங்கும்போது அந்தப் பொந்தை மூடி வைக்க வெறும் பிளாஸ்டிக் அச்சு ஒன்றும் கூடவே வரும். உள்ளே ஒன்றுமில்லாத வெற்றுக்கட்டை. ஒரு துளி மின்சாரம் குடிக்காது. செருகியே கிடக்கவென்று செய்யப்பட்ட பொருள் அது ஒன்றுதான். அண்ணன் வாழ்நாளில் தூக்கிப் போட்ட ஒரே பொருளும் அதுதான்.

கம்பெனிக்காரர்களுக்கே அந்தப் பொந்து அலுத்துவிட்டது. 2002இல் வந்த டிரியோவில் தொலைபேசியை உள்ளேயே வைத்துவிட்டு ஸ்பிரிங்போர்டை எடுத்துவிட்டார்கள். 2003இல் ஹேண்ட்ஸ்பிரிங் மறுபடி பாம் நிறுவனத்தோடு சேர்ந்துகொண்டது. அண்ணன் மட்டும் கொள்கை மாறாமல் இருக்கிறார். ஹேன்போன் அடியில் உள்ள ஒரே துளையில் யிக் ஃபூங் காம்ப்ளெக்ஸில் வாங்கிய மெமரி கார்டு ரீடர் நிரந்தரமாகக் குடியிருக்கிறது. அது இருக்கிறவரை போன் முழுசாகத் தூங்காது, அதற்கு மின்சாரம் ஊட்டிக்கொண்டே இருக்கும். சார்ஜ் போட வேண்டுமானால் அதே துளைதான். அதைக் கழற்ற வேண்டும். மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை. புளூடூத், காருக்குள் ஓயாமல் மினுக்கும் கேமரா, மடிக்கணினியில் செருகியிருக்கும் செத்துப்போன மவுஸின் குச்சி என்று மற்றவற்றைப் பற்றி எழுத எனக்குப் பொறுமையில்லை.

எனக்கு ஆறாத விஷயம் வேறு. இவருக்குத் தெரியாதா பேட்டரியின் அருமை?

பேராக் ஆற்றில் செண்டரோ நீர்மின் நிலையம் 1930இலேயே ஓடத் தொடங்கிவிட்டது. அந்த மின்சாரம் கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈய லம்பங்களுக்குப் போனது. பக்கத்திலேயே இருந்த தோட்டத்து லயங்களில் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் மண்ணெண்ணெய் விளக்குதான். பின்னாளில் தோட்டத்து ஜெனரேட்டர் வந்தது. அதையும் இரவில் நேரத்தோடு நிறுத்திவிடுவார்கள். எங்கள் லயத்தில் டிவி கார் பேட்டரியில் ஓடியது. சைக்கிள் பின்னால் கட்டிப் பட்டணத்துக்குக் கொண்டுபோய் சார்ஜ் ஏற்றி வருவோம். வாரத்துக்கு ஒரு தமிழ்ப்படம். வோல்ட் குறையக் குறையத் திரை நாலு பக்கமும் சுருங்கிக்கொண்டே வரும். கிளைமாக்ஸில் கதாநாயகன் உள்ளங்கை அளவில் நின்று வில்லனை அடிப்பார். அந்தப் பேட்டரியில் யாராவது ஒரு சின்ன பல்பைக் கொக்கி போட்டு மாட்டினால் போதும், கிராணியார், அதாவது அண்ணனின் அப்பா, பிரட்டுக் களத்துக் குரலில் ஒரு சத்தம் போடுவார். மொத்த லயமும் அடங்கும். அந்த மனிதரின் வீட்டுத் திண்ணையில் முதல் வரிசையில் உட்கார்ந்து படம் பார்த்த பிள்ளை இவர்.

இதைச் சிரித்துக்கொண்டே எழுத முடியாத இடமும் உண்டு. தோட்டம் விற்கப்பட்ட பிறகு கோயில் நிலத்துக்காக ஓர் அலுவலகத்துக்குப் பத்துப் பதினைந்து பேர் போனோம். பாதிப் பேர் அன்றைய சம்பளத்தை விட்டுவிட்டு வந்தவர்கள். முகப்பில் இருந்த பெண் கேட்டது கோப்பு எண் ஒன்றை மட்டும்தான். அது அண்ணனின் கருவியில் இருந்தது. கருவி செத்திருந்தது. திரும்பி வந்தோம். அன்று வேனில் யாரும் பேசவில்லை. அண்ணன் மட்டும் மோடத்தைத் துடைத்து மறுபடி சரியாகச் செருகினார்.

அன்றைக்குத்தான் கொஞ்சம் காட்டமாகவே கேட்டேன். அண்ணன் கோபிக்கவில்லை.

"கழட்டி வச்சா காணாப் போயிடும் தம்பி. லயத்தைக் காலி பண்ணுனப்ப அப்பாரு செக்ரோல் பெட்டியை அப்புறம் வந்து எடுத்துக்கலாம்னு வச்சுட்டு வந்தோம். அப்புறம் போனா லயமே இல்ல."

அதற்குமேல் என்னத்தைக் கேட்பது? அந்தப் பெட்டியில் மூன்று தலைமுறையின் பேரும் பால் வெட்டிய கணக்கும் இருந்திருக்கும். இருந்தாலும், அண்ணே, பெட்டி போனதற்குக் கோயில் கோப்பு எண் என்ன பாவம் செய்தது?

ஆண்டுக் கூட்டம் வருகிறது. அண்ணனை மறுபடி செயலாளராக நானே முன்மொழிவேன். அவ்வளவு அலைச்சலுக்கு வேறு யாரும் நிற்கப் போவதில்லை. திருவிழா முடிந்து மறுநாள் காலை கொட்டகையைப் பெருக்க வருகிறவரும் அவர் ஒருவர்தான். வழிமொழிகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உபயக்காரர் பட்டியலையும் கோப்பு எண்ணையும் தடித்த அட்டை நோட்டில் பேனாவால் எழுதி, பொருளாளர் வீட்டு அலமாரியில் பூட்டி வையுங்கள். சாவியை அண்ணனிடம் கொடுக்க வேண்டாம். எதிலாவது செருகிவிடுவார்.