கலிங்கல் மேல் தாவும் மீன் யாருக்குச் சொந்தம்?

ஐப்பசி, கார்த்திகை மழையில் உத்திரமேரூர்ப் பெரிய ஏரி நிரம்பிக் கலிங்கல் போகும்போது இரண்டு காரியங்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. ஏரி மீன் வழிந்து கீழே விழுகிறது. கீழே ஓடையில் கிடக்கும் கெண்டையும் கெளுத்தியும், முட்டையிட இடம் தேடி, புதுத்தண்ணீரை எதிர்த்து மேலே ஏறப் பார்க்கின்றன. நடுவில் தூண்டிலோடு நிற்பவரின் உரிமை யாது என்பதே இந்த ஆய்வின் பொருள்.

முன்னாய்வுகள் உதவவில்லை. மீன்பிடி பற்றி 1653-இல் புத்தகம் போட்ட ஐசக் வால்டன் கலிங்கலைக் கண்டவர் அல்லர். நீலகிரி ஓடைகளில் டிரௌட் மீனை வளர்த்த வெள்ளைக்காரர்கள், இறகையும் நூலையும் முள்ளில் கட்டி, ஈ என்று மீனை நம்பவைத்தார்கள். நம்மூரில் அந்த மோசடி இல்லை. மண்புழு என்றால் மண்புழுதான். தவிர, செம்மண் கரைந்த வெள்ளத்தில் ஈயை எந்த மீன் பார்க்கும்? கலங்கல் தண்ணீரில் மீன் வாசனை பிடித்துத்தான் இரைக்கு வரும். பிடித்த மீனை இங்கே யாராவது திரும்பத் தண்ணீரிலேயே விட்டால், வீட்டில் ஏதும் பிரச்சினையா என்று விசாரிப்பார்கள்.

சட்டத்துக்கு வருவோம். குஞ்சு வாங்கி விட்டவர் குத்தகைதாரர். ஆகவே கலிங்கல் குறுக்கே வலை கட்டுகிறார். வழிந்த தண்ணீருக்குக் குத்தகை கிடையாது, அதில் வந்த மீனுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது என்பது ஊர்க்கட்சி. இரண்டிலும் நியாயம் உண்டு. சிக்கல் ஏறுகிற மீனால் வருகிறது. ஓடையில் இருக்கும்வரை அது ஊர்ப்பொது. ஒரு துள்ளலில் ஏரிக்குள் விழுந்தால் குத்தகைச் சொத்து. அந்தரத்தில் இருக்கும் அந்த ஒரு கணத்தில்? வேட்டியை விரித்துப் பிடிக்கும் பையன்கள் அந்தக் கணத்தில்தான் பிடிக்கிறார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

இதற்கு விடை கிடைக்க வேண்டிய ஊர் உண்டென்றால் அது உத்திரமேரூர்தான். முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும், குடவோலைத் தேர்தலுக்குக் கல்லில் விதி வெட்டிய ஊர். ஏரி வாரியத்துக்கு 6 பேர். வயது 35-க்கு மேல், 70-க்குள். கால்வேலி நிலம், சொந்த மனையில் வீடு. ஆனால் தாவும் மீன் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மறதி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

காரணம் இன்னொரு விதியில் இருக்கிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்கக் கூடாது. அவருடைய சின்னம்மா, பெரியம்மா, அத்தை பிள்ளைகளும் கூடாது. இப்போது கலிங்கலிலிருந்து திரும்புகிறவரைப் பாருங்கள். டீக்கடையில் சொல்லும் விரால் கணக்கு ஒன்று, வீட்டில் காட்டுவது ஒன்று, குத்தகைதாரரிடம் சொல்வது பூஜ்யம். விதியைக் கறாராக அமல்படுத்தினால், கார்த்திகை முடிவதற்குள் உறவுமுறை வழியாக ஊரே தகுதி இழந்துவிடும். மிஞ்சுவது மீன் சாப்பிடாதவர்கள் மட்டும். அன்றைய உத்திரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம். சபையில் இருந்தவர்கள் பிராமணர்கள்.