கரிக்கணக்கில் எங்கள் பாக்கி

பெருநகரங்கள் ஆண்டுக்கொருமுறை ஒருமணி நேரம் விளக்கணைத்துப் புவியைக் காப்பாற்றுகின்றன. 2007இல் சிட்னியில் தொடங்கிய வழக்கமாம். யாழ்ப்பாணத்தில் நாங்கள் 1990இலேயே தொடங்கிவிட்டோம். அணைத்தது அணைத்ததுதான், வருடக்கணக்கில். போரில் மின்சாரம் போக, பொருளாதாரத் தடையும் வந்தது. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு, அதில் ஊறிய கொஞ்ச மண்ணெண்ணெய், ஒரு திரி: அந்த வெளிச்சத்தில் ஒரு தலைமுறை சோதனைக்குப் படித்தது. கவிழ்த்துவைத்த சைக்கிளின் மிதியை ஒருவர் கையால் சுற்ற, டைனமோவில் வானொலி செய்தி வாசித்தது. மோட்டார் சைக்கிளோ நாலு சொட்டுப் பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடியது. (அந்தப் புகையைத் தயவுசெய்து கணக்கில் சேர்க்கவேண்டாம்.)

இவ்வளவு சேமித்தும் ஒரு மாநாட்டுக்காவது எங்களைக் கூப்பிட்டார்களா? 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு வந்தபோதாவது எங்களிடம் ஆலோசனை கேட்டிருக்கலாம்.

இப்போது நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்குச் சூரியனும் காற்றும் கலந்த மின்திட்டம். 2021இல் சீனக் கம்பனிக்கென்றார்கள், இந்தியா முகஞ்சுளித்தது, 2022இல் இந்திய நன்கொடைக்கு மாறியது. அந்தக் காலமெல்லாம் நெடுந்தீவில் வெயில் எறித்தபடியும் காற்று வீசியபடியும்தான் இருந்தன.